நாமகிரித் தாயாரும் என் அம்மாவின் தகரப் பெட்டியும்

பாம்பு வந்தால் என்ன, பல் விழுந்தால் என்ன என்று பஞ்சாங்கத்தில் கனவுப் பலன் போட்டிருக்கும். திருப்பத்தூரில் எங்கள் வீட்டில் யாராவது கனவு கண்டால் உடனே அதைப் புரட்டுவார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஒரு கனவு பெரிய காரியத்தைச் சாதித்த கதை நம் சரித்திரத்திலேயே உண்டு. அதில் வருபவரும் என்னைப் போல ஒரு குமாஸ்தாதான்.

கணிதமேதை ராமானுஜன் 1912 மார்ச் மாதம் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தன் கணக்குகளை எழுதி அனுப்பினார். ஹார்டி அவரை அங்கே வரவழைக்க முயன்றார். ராமானுஜன் போக மறுத்துவிட்டார். ஆசாரமான வைணவக் குடும்பம். கடல் தாண்டினால் சாதிக்கட்டு விலக்கிவிடும் காலம். தாயார் கோமளத்தம்மாள் சம்மதிக்கவில்லை.

1914 தொடக்கத்தில் நெவில் என்ற கேம்பிரிட்ஜ் ஆசிரியர் சென்னைக்கு வந்து கேட்டபோது, ராமானுஜன் மனம் மாறியிருந்தார். எப்படி? ஹார்டி எழுதியபடி, தாயார்தான் கனவு கண்டார்: மகன் ஒரு பெரிய மண்டபத்தில் ஐரோப்பியர் நடுவே அமர்ந்திருக்கிறான், குலதெய்வமான நாமக்கல் நாமகிரித் தாயார், அவனைத் தடுக்காதே என்று கட்டளையிடுகிறாள். இன்னொரு கதையில், ராமானுஜனே மேலதிகாரி நாராயண ஐயருடன் நாமக்கல் போய், கோயிலில் மூன்று இரவு படுத்து உத்தரவு பெற்றார். 1914 மார்ச் 17 அன்று கப்பல் ஏறினார். 1919இல் நோயோடு திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று 32 வயதில் காலமானார்.

கனவு கண்டது தாயா, மகனா என்பது எனக்கு முக்கியமில்லை. ஊருக்குப் பயந்த தாயால் 'போய் வா' என்று சொல்ல முடியவில்லை. தெய்வம் சொல்லிவிட்டால் யார் எதிர்த்துப் பேசுவார்கள்? அவர் மனதில் ஏற்கெனவே இருந்த சம்மதத்தைத்தான் கனவு வெளியே கொண்டு வந்தது என்று நினைக்கிறேன்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. தோல் தொழில்நுட்பம் படித்த என் மகளுக்கு 2001இல் பிரான்சில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. தனியாகப் பெண்ணை அனுப்புவதா என்று மறுத்துவிட்டேன். இரண்டு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. ஒரு நாள் விடியற்காலை, இறந்துபோன என் அம்மா கனவில் வந்தாள். கையில் பழைய தகரப் பெட்டி. ஒன்றும் பேசவில்லை, பெட்டியை என் மகள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

தகரப் பெட்டிக்குப் பஞ்சாங்கத்தில் பலன் இல்லை. எனக்குத்தான் அதன் அர்த்தம் தெரியும். 1960இல், பத்து வயதில், பிரெஞ்சுப் பள்ளியில் படிக்க என்னைப் புதுச்சேரி மாமா வீட்டுக்கு அனுப்பியபோது அம்மா துணி அடுக்கித் தந்த பெட்டி அது. அவ்வளவு தூரம் எதற்கு என்று எல்லோரும் தடுத்தார்கள். பஸ் கிளம்பும்வரை அவள் அழவில்லை.

அந்தப் பள்ளியில் ஒரு பிரெஞ்சுப் பழமொழி சொல்லித் தந்தார்கள்: இரவு ஆலோசனை கொண்டு வரும். அன்று காலை காபி குடிக்கும் முன்பே மகளிடம் 'போய் வாம்மா' என்றேன்.

தகரப் பெட்டி இன்னும் எங்கள் வீட்டுப் பரண்மேல் இருக்கிறது.