முக்கூர்த்தி: புல்லின் உரிமை

நீலகிரியின் முக்கூர்த்தி தேசியப் பூங்காவில் சரிவெங்கும் புல். ஈர மடிப்புகளில் மட்டும் சோலை. இந்தப் புல்வெளியைத் தரிசு என்று எண்ணிய ஆங்கிலேயர், 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியச் சீகையையும் தைலமரத்தையும் நீலகிரிக்குக் கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் நடவு தொடர்ந்தது. நீலகிரிப் பழங்குடிகளான தோடர்கள் எருமை மேய்க்கக் காட்டை எரித்ததால் வந்த புல்தானே என்று கேட்போர் உண்டு. தீயும் மேய்ச்சலும் புல்லுக்குத் துணைநின்றிருக்கலாம். ஆனால் அவை அதன் பிறப்புக்குக் காரணமல்ல. புல்லும் மரமும் மண்ணில் விட்டுச்செல்லும் கார்பன் வெவ்வேறு வகை. நீலகிரிச் சதுப்புகளின் மட்கில் அந்தக் கார்பனை ஆராய்ந்தபோது, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் செழித்திருந்தது தெரியவந்தது. திறந்த சரிவில் உறைபனி சோலை மரக்கன்றுகளைக் கருக்கிவிடும், புல் தாங்கும். வரையாடு வாழ்வதும் அதை நம்பித்தான். 1990இல் தேசியப் பூங்காவான இந்த மலையில், சீகையை அகற்றிப் புல்லை மீட்பதே நியாயம்.