சிறு கல்லூரிக்கு எத்தகைய கணிப்பொறி? தரமணி 'கப்ரு' காட்டும் வழி

சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் 2004-இல் 'கப்ரு' என்னும் கணிப்பொறித் தொகுப்பை அமைத்தது. இரட்டை ஜியான் செயலிகள் கொண்ட 144 கணிப்பொறிகள், லினக்ஸ் இயங்குதளம். எல்லாம் சந்தையில் கிடைத்தவை. அவ்வாண்டே அது உலகின் முதல் 500 அதிவேகக் கணிப்பொறிகளின் பட்டியலில் இடம்பெற்றது. நாசாவில் ஸ்டெர்லிங், பெக்கர் ஆகியோர் 1994-இல் 16 செயலிகளை இணைத்துத் தொடங்கிய 'பேயோவுல்ஃப்' மரபின் தொடர்ச்சி இது.

மலிவான பாகங்களே இதன் வெற்றிக்குக் காரணம் என்பது பாதி உண்மைதான். கப்ருவின் முதன்மைப் பணி குவார்க்குகள் பற்றிய கணக்கு. வெளியையும் காலத்தையும் கட்டங்களாகப் பகுக்கும் அக்கணக்கில், ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டங்களின் மதிப்பையே ஓயாமல் கேட்கும். ஆகவே கணிப்பொறிகளையும் 6×6×4 என முப்பரிமாணப் பின்னலாகவே கோத்தனர். எந்த வேலைக்கு என்பதை முதலில் வரையறுத்துவிட்டுப் பிறகே பொருள் வாங்கினர். நம் சிறு கல்லூரிகளில் தலைகீழாக நடக்கிறது: ஆய்வுக் குழு வருமுன் எண்ணிக்கையை நிரப்ப மேசைக் கணிப்பொறிகள் வாங்கப்படுகின்றன.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரத்துக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் தேவையைக் கணக்கிடுவோம். சி, பைத்தான், தரவுத்தளம் ஆகிய செய்முறை வகுப்புகளுக்கு ஒரு மாணவருக்கு 2 ஜிபி நினைவகம் தாராளம். ஒரு பிரிவில் 60 பேர் என்றால் 120 ஜிபி. 64 ஜிபி சர்வர்கள் இரண்டு போதும்; ஒன்று பழுதானாலும் பாதி வகுப்பாவது தொடரும். அவற்றில் ஜூப்பிட்டர்ஹப் என்னும் மென்பொருளை நிறுவினால் பிரவுசர் ஓடுகிற எந்தப் பழைய கணிப்பொறியும் முனையமாகிவிடும். மிச்சமாகும் தொகை யுபிஎஸ், குளிர்சாதனம், காப்பு வட்டு ஆகியவற்றுக்குப் போகட்டும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கண்ட ஊரில் சர்வர் அறை தரைத்தளத்தில் இருக்கவே கூடாது.

மேகக்கணிமை இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். எப்போதாவது தேவைப்படும் ஜிபியு வேலைக்கு வாடகை இயந்திரமே சிக்கனம், அதில் ஐயமில்லை. அன்றாட வகுப்புக்கு அது ஒத்துவராது. விலைப்புள்ளி பெற்று ஆண்டுக்கொரு முறை ஒப்புதல் தரும் கல்லூரிக் கணக்குப் பிரிவு, மாதந்தோறும் மாறும் பில்லை எந்தத் தலைப்பில் எழுதும்? மெட்ரோ பணிக்காகச் சாலைகள் தோண்டப்பட்டிருக்கும் இவ்வட்டாரத்தில் இணைய இழை அறுந்தால் அன்றைய வகுப்பும் போய்விடும். வளாகத்துக்குள் ஓடும் சர்வருக்கு அந்த அச்சம் இல்லை.

உண்மையான தட்டுப்பாடு ஆள்தான். கணிப்பொறிக்கு மானியம் கிடைக்கும். அதைப் பராமரிப்பவரின் சம்பளத்துக்குக் கிடைப்பது அரிது. அருகருகே உள்ள மூன்று கல்லூரிகள் சேர்ந்து ஒரு நிர்வாகியை அமர்த்தலாம். சர்வரையே பொதுவாக வைத்துக்கொள்ளலாமே என்றால், பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வுகள் மூன்று கல்லூரிகளுக்கும் ஏறத்தாழ ஒரே வாரங்களில் வருகின்றன. அப்போது பொதுச் சர்வர் யாருக்கும் போதாது. நிர்வாகியோ தேர்வுக்கு முந்தைய வாரத்திலேயே மூன்று இடங்களையும் சரிபார்த்து முடித்துவிட முடியும்.