கப்பலேறி வந்த குன்மம்

நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் பினாங்கு வந்த தமிழ்த் தொழிலாளரை அந்நாளில் ஜெரஜாக் தீவில் நிறுத்தி, அம்மையும் வாந்திபேதியும் உண்டா என்று பார்த்தனர். அச்சோதனைக்கு அகப்படாத நோயொன்றை நம்மவர் வயிற்றிலேயே சுமந்து வந்தனர்.

குன்மம் என்று நம் வைத்திய நூல்கள் கூறும் நோய்களுள் குடற்புண்ணும் அடங்கும். தென்னாட்டில் அது மிகுதி. அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூரில், எவரெஸ்டுப் பயணங்களில் பங்குகொண்ட அறுவை மருத்துவர் சாமர்வெல் 2,500 நோயாளரை ஆராய்ந்து, தம் தோழருடன் 1936இல் கட்டுரை வெளியிட்டார். குன்னூரில் மக்காரிசன், திருவிதாங்கூர் ஏழைகளின் உணவை எலிகளுக்கு ஊட்டி, அவற்றிலும் புண் கண்டார். பழி உணவின்மேல் வீழ்ந்தது. மிளகாயும் புளியும் குற்றவாளிகளாயின. மோர்ச்சோறே உண்டும் நோய் நீங்காது வருந்தியவர் எத்தனை பேரோ!

உண்மைக் குற்றவாளியைக் காண இரைப்பையின் நடைமுறையை அறிதல் வேண்டும். உணவு வந்ததும் இரைப்பையின் கீழ்ப்பகுதி காஸ்ட்ரின் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் விடும். அது மேற்பகுதியை அடைந்து அமிலத்தைச் சுரப்பிக்கும். அமிலம் போதுமானதும் காஸ்ட்ரின் அடங்கும். 1905இல் எட்கின்ஸ் இதனைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1964இல் லிவர்பூலில் கிரகரியும் டிரேசியும் அதனைத் தூயதாகப் பிரித்துக் காட்டினர். 1982இல் ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் இரைப்பையில் வாழும் கிருமியை வளர்த்துக் காட்டினர். பின்னர் ஹெலிகோபாக்டர் எனப் பெயர் பெற்ற அக்கிருமி கீழ்ப்பகுதியில் குடியேறினால் கடிவாளம் தளரும். காஸ்ட்ரின் மிகும், அமிலம் மிகும், முன்சிறுகுடல் புண்படும். மேற்பகுதியை அரித்துவிட்டாலோ அமிலம் குன்றும். அப்போதும் காஸ்ட்ரின் உயர்ந்தே நிற்கும். ஆதலின் காஸ்ட்ரின் அளவை மட்டும் கொண்டு நோயை உறுதிசெய்தல் இயலாது.

மலேசியாவில் இக்கிருமி இந்தியரிடையே மிகுதி, மலாயரிடையே குறைவு. 2009இல் வெளியான மரபணு ஆய்வொன்று வியப்பான செய்தி தந்தது. சீனரின் கிருமி கிழக்காசிய இனத்தது. மலாயரின் கிருமியோ இந்தியரிடமிருந்து அண்மைக் காலத்தில் பெற்றது என்று ஆய்வாளர் முடிவுகட்டினர். குழந்தைப் பருவத்தில் வீட்டாரிடமிருந்தே பெரும்பாலும் தொற்றுவது இது. பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் மலாயரோடு மணவுறவு கொண்டதால் ஜாவி பெரனாக்கான் சமூகம் வளர்ந்தது. அவ்வீடுகளின் வழியாகவும் கிருமி பரவியிருக்கலாம் என்பது என் ஊகம்.

இன்று இரு வாரம் மருந்துண்டால் கிருமி பெரும்பாலும் ஒழிகிறது. குடற்புண் உடையோரிடத்தில் மிகுந்திருந்த காஸ்ட்ரினும் தாழ்கிறது.