நொய்யலும் ஒரு பனியனும்

பதிவு கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இங்கேயும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி சார்ட் வரைந்துகொண்டிருந்தாள். தலைப்பு ‘நுகர்வும் சுற்றுச்சூழலும்’. நடுவில் அழுகிற பூமி, சுற்றிலும் பிளாஸ்டிக் பாட்டில்கள். “தாத்தா, ஒரு ஸ்லோகன் சொல்லுங்க” என்றாள். எனக்கு ஸ்லோகன் வரவில்லை. நொய்யல் ஆறுதான் நினைவுக்கு வந்தது. அவளுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூரைத் தொட்டு, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது நொய்யல். பழைய பெயர் காஞ்சிமாநதி. இதன் கரையில்தான் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ என்று குறிக்கும் ஊர். அங்கே அகழாய்வில் கல்மணிகள், இரும்பு உருக்கிய உலைகளோடு நூல் நூற்கும் தக்களிகளும் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கரையில் நூல் நூற்றிருக்கிறார்கள், ஆறும் கெடாமல் இருந்திருக்கிறது. நூலும் துணியும் இந்த ஆற்றுக்குப் புதிதல்ல. எவ்வளவு துணி என்பதுதான் புதிது.

திருப்பூரில் பனியன் தொழில் சுதந்திரத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. அப்போது அது உள்நாட்டு வெள்ளைப் பனியன். 1970களின் இறுதியில் வெளிநாட்டு வியாபாரிகள் வந்தார்கள், கலர் டி-சர்ட் கேட்டார்கள். 1980களின் நடுவில் ஆண்டு ஏற்றுமதி இருபது கோடி ரூபாய்கூட இல்லை. 1990 வாக்கில் ஏறத்தாழ 300 கோடி. 2005 சனவரி 1 அன்று உலக ஜவுளி வணிகத்தில் இருந்த கோட்டா முறை முடிந்தது, ஆர்டர்கள் இன்னும் கூடின. 2010 வாக்கில் 10,000 கோடியைத் தாண்டிவிட்டது. மதுரை, தேனி என்று எங்கிருந்தெல்லாமோ குடும்பங்கள் வந்து பிழைத்தன. உங்களில் பாதிப் பேர் வீட்டில் அடுப்பெரிந்தது அந்தப் பணத்தில்தான். அதை நான் மறக்கவில்லை.

இனி உப்பின் கதை. பருத்தி நூல் தண்ணீரில் நனைந்தால் சாயத்தைத் தள்ளிவிடும் குணம் அதற்கு வருகிறது. சாயம் நூலில் ஏறவேண்டும் என்றால் உப்புப் போடவேண்டும். அடர் கறுப்பு, அடர் நீலம் என்றால் ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ உப்பு, சில சமயம் அதற்கு மேலும். அந்த உப்பு துணியில் தங்காது. வேலை முடிந்ததும் முழுவதும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். 1990களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். அவை நிறத்தை எடுத்தன, உப்பை எடுக்கவில்லை. தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும். வாயில் வைத்தால் தெரியும்.

1992-இல் திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிந்தது. ஏறத்தாழ பத்தாயிரம் ஏக்கர் பாசனத்துக்கான அணை. மழை வெள்ளத்தைத் தேக்கக் கட்டிய அணையில் தேங்கியது சாயக் கழிவு. சில ஆண்டுகளிலேயே, “தண்ணீரைத் திறந்து விடாதீர்கள்” என்று பாசன விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. அணைக்காகக் காத்திருந்த உழவன் அப்படிக் கேட்டதை வேறெங்கே கண்டோம்? சுற்றுவட்டாரக் கிணறுகளும் உப்பேறின.

இந்தக் காலத்தில்தான் நான் சமூக அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். பள்ளிகளில் சுற்றுச்சூழல் கல்வி கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் சொல்லியிருந்தது, 2003-இல் மறுபடியும் வலியுறுத்தியது. நானும் நடத்தினேன். எப்படி? பிளாஸ்டிக் பை, மரம் நடுதல், ஓசோன் ஓட்டை. ஜன்னலுக்கு வெளியே ஆறு ஒரு நாள் ஊதா, ஒரு நாள் சிவப்பு என்று போய்க்கொண்டிருக்க, நான் கரும்பலகையில் ஓசோனை வரைந்துகொண்டிருந்தேன்.

ஒரு நாள் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டு மூன்று பீங்கான் கிண்ணங்கள் வாங்கி வந்தேன். ஒன்றில் மழைநீர், ஒன்றில் பள்ளிக் குழாய்த் தண்ணீர், ஒன்றில் நொய்யல் தண்ணீர். ஸ்பிரிட் விளக்கில் வற்றவைத்தோம். முதல் கிண்ணத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் லேசான கறை. மூன்றாவதில் வெள்ளை வெளேரென்று உப்பு ஒட்டிக் கிடந்தது. வகுப்பே அமைதியாகிவிட்டது. “இது யாரால வந்தது?” என்று நான் பெருமையாகக் கேட்டேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். “சார், எங்கப்பா சாயப்பட்டறையிலதானுங்க வேலை செய்யறாரு. அப்ப எங்கப்பா தப்புப் பண்றாருங்களா சார்?”

“அப்படியில்லை கண்ணு, உட்காரு” என்று மட்டும் சொன்னேன். மணி அடித்தது, நானும் தப்பித்தேன்.

அன்று மாலை வீட்டில் என் பீரோவைத் திறந்து எண்ணினேன். காதர்பேட்டையில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிப் போட்ட டி-சர்ட்டுகள் மட்டும் பதினொன்று. அதில் நான்கை ஒரு முறைக்கு மேல் போட்டதில்லை. என் அப்பாவுக்கு இரண்டு வேட்டி, இரண்டு சட்டை, தீபாவளிக்கு ஒன்று, அவ்வளவுதான். ஒரு பருத்தி டி-சர்ட்டுக்குப் பருத்திச் செடி முதல் ஏறத்தாழ 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று பின்னால் படித்தேன். பதினொன்றால் பெருக்கிப் பார்க்க மனம் வரவில்லை.

நொய்யல் பாசன விவசாயிகள் விடவில்லை, நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கெடுவுக்கு மேல் கெடு முடிந்தும் கழிவு நிற்காததால், 2011 சனவரி 28 அன்று திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள்.

அந்தத் தீர்ப்பை நான் வரவேற்றேன். அடுத்த சில மாதங்களில் டி.சி. கேட்டு வந்த பெற்றோர்களையும் பார்த்தேன். வேலை இல்லை, சொந்த ஊருக்கே போகிறோம் என்றார்கள். சிலர் தவணைப் பணத்துக்கு என்ன செய்வது என்று அங்கேயே அழுதார்கள். ஆற்றுக்காக ஒரு நியாயம், அவர்களுக்காக ஒரு நியாயம், இரண்டும் என் மேசைக்கு முன்னால் நின்றன.

பிறகு பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறை வந்தது. கழிவுநீரை வடிகட்டித் தண்ணீரை மறுபடி பயன்படுத்துவது, மிச்சத்தைக் காய்ச்சி உப்பைப் பிரித்து அதையும் திரும்பப் பயன்படுத்துவது. இதற்கு மின்சாரம் வேண்டும், விறகு வேண்டும், பணம் வேண்டும். சாயக் கூலி ஏறியது. முன்பு சட்டை ஏன் அவ்வளவு மலிவாக இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தச் செலவு முன்பும் இருந்தது. அதை வாங்குகிறவன் கொடுக்கவில்லை. ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே இருந்த உழவன் தன் தென்னையாலும் கிணற்றாலும் கொடுத்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கடைசி பெஞ்சுப் பையன் இதைப் படிக்கிறானா, தெரியாது. படித்தால் அவனுக்கு: “தம்பி, உங்க அப்பா உழைச்சாரு, தப்புப் பண்ணலை. உப்பை வெளியே விட்டவங்களுக்கும், அதைப் பார்த்துக்கிட்டிருந்தவங்களுக்கும், அந்த விலைக்குத்தான் வேணும்னு கேட்டவங்களுக்கும் அதுல பங்கு இருக்கு. பதினொரு டி-சர்ட் வாங்கின எனக்கும் இருக்கு. இதை அன்னைக்கே சொல்லியிருக்கணும்.”

பேத்தி சார்ட்டில் பூமியை அழித்துவிட்டு ஒரு டி-சர்ட்டை வரைந்தாள். அதிலிருந்து ஓர் அம்புக்குறி பட்டறைக்கு, அடுத்தது ஆற்றுக்கு, அடுத்தது வயலுக்கு. மதிப்பெண் எவ்வளவு வரும் என்று தெரியாது.

உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த மூன்று கிண்ணப் பாடத்தை உங்கள் ஊர் ஆற்றுத் தண்ணீரை வைத்து நடத்துங்கள். “யாரால வந்தது?” என்று கேட்டால், மணி அடிக்கும் முன் பதிலையும் முழுதாகச் சொல்லிவிடுங்கள். நொய்யலில் குளித்த நினைவு உள்ள பெரியவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். பேத்திக்குப் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்