ஆண்டாள் கொண்டையும் 585 கோடி படங்களும்

வந்தியத்தேவன் எப்படி இருப்பான்னு கேட்டா, 2022-ல படம் பார்த்தவங்களுக்கு கார்த்தி முகம் வரும். எங்கப்பாவுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. அவருக்கு மணியம் வரைஞ்சதுதான் வந்தியத்தேவன். மத்தவங்க எல்லாம் வேஷம் போட்டவங்க.

நம்மாளுங்க நிறைய பேர் இப்போ சரித்திரக் கதை எழுதி, கூடவே ஏஐ-யில படம் போட்டு பதிவேத்துறீங்க. நானும் திரிசூலம் கோவிலை வச்சு ஒரு தொடர் எழுதிட்டிருக்கேன் (நாலு பேர் படிக்கிறாங்க, அதுல ரெண்டு பேர் சொந்தக்காரங்க). ஆபீஸ்ல ஆணி குறைவா இருந்த ஒரு வாரம் பூரா இந்தப் படம் போடும் கருவியோட மல்லுக்கட்டினேன். அப்போதான் மணியம் என்ன செஞ்சார்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

பொன்னியின் செல்வன் 'கல்கி' இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதம் முடிந்தது. மூன்றரை வருஷம், வாராவாரம். மணியம் 1924-ல் பிறந்தவர். தொடர் ஆரம்பிச்சப்போ அவருக்கு 26 வயசு. கிட்டத்தட்ட நம்ம வயசு மக்களே! கல்கி அவரை அஜந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார், இலங்கைக்கும் கூட்டிக்கொண்டு போனார். எழுதி முடிச்சுட்டு 'இந்தாப்பா, இதுக்குப் படம் போடு'ன்னு பேப்பரை நீட்டுற வேலையா அது இல்லை. எழுதப்போகிறவரும் வரையப்போகிறவரும் ஒரே சிற்பத்தை, ஒரே சுவரை ஒன்றாக நின்று பார்த்திருக்கிறார்கள். கதையில் வராத சமாச்சாரமும் படத்தில் வந்து உட்கார்ந்தது இப்படித்தான் என்பது என் கட்சி.

அதே சமயம் பார்ப்பதற்கு அன்றைக்குப் புதுச் சரக்கும் கிடைத்திருந்தது. தஞ்சைப் பெரிய கோவிலின் உள்சுற்றில் நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி 1931-ல்தான் கண்டுபிடித்தார். அதற்கு முன்னால் சோழர் காலத்துக் கொண்டை, நகை, உடையெல்லாம் வண்ணத்தில் எப்படி இருந்தது என்று பார்க்க வழி குறைவு. கல்லும் செப்புத்திருமேனியும்தான்.

கொண்டைன்னதும் ஞாபகம் வருது. நந்தினிக்கும் குந்தவைக்கும் கல்கி கொண்டையிலேயே வித்தியாசம் வச்சிருப்பார். நந்தினிக்கு ஆண்டாள் கொண்டை, குந்தவைக்கு மகுடம் மாதிரி தூக்கிக் கட்டினது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளை நினைச்சாலே போதும், நமக்கு அது ஒரே சொல். மெஷினுக்கு? நான் தமிழ்ல கேட்டேன், இங்கிலீஷ்ல கேட்டேன், 'இடது பக்கம் சாய்ஞ்ச கொண்டை'ன்னு கெஞ்சிக்கூடக் கேட்டேன். வந்தது பின்னல், அதுக்கு மேல மல்லிப்பூ, பின்னாடி ராஜஸ்தான் அரண்மனை ஜன்னல். வந்தியத்தேவனுக்குத் தலைப்பாகை. வீரநாராயண ஏரிக்குப் பின்னாடி பனிமலை! காட்டுமன்னார்கோவில்காரங்க மன்னிக்கணும் :-)

இது ஏன்னு நம்ம தொழில்காரங்களுக்கு ஓரளவு தெரியும். 2022 ஆகஸ்டில் வெளிவந்த ஸ்டேபிள் டிஃப்யூஷனைப் பயிற்றுவித்தது லயான் என்ற தொகுப்பிலிருந்து எடுத்த படங்களில். அதில் மொத்தம் 585 கோடி படங்கள். ஆங்கில விளக்கம் உள்ளவை சுமார் 230 கோடி, முதல் மாடல்கள் படித்தது முக்கியமாக அந்தப் பகுதியை. ஆக, 'இந்திய ராஜா' என்று இணையத்தில் எவனெவனோ பேர் எழுதி வைத்த படங்களின் கூட்டுச் சராசரிதான் நமக்கு வருகிறது. ராஜா என்றால் தலைப்பாகை, தமிழ்க் கோவில் என்றால் மதுரை மாதிரி கலர் கோபுரம். ஆனால் சோழர் கட்டிய கோவிலில் உயர்ந்து நிற்பது பெரும்பாலும் விமானம்தானே. வானுயர்ந்த ராஜகோபுரங்கள் நமக்கு அதிகமாகக் கிடைத்தது விஜயநகர, நாயக்கர் காலத்தில். கல்கி எழுதின காலத்துச் சோழநாட்டில் அதைக் கொண்டுபோய் வைத்தால் ஐந்நூறு வருஷம் எகிறிவிடும்.

எல்லாத்தையும் மொக்கைன்னு சொல்லிட முடியாது. கோடிக்கரை, ராத்திரி, பூங்குழலி தனியா படகுல வர்றான்னு கேட்டப்போ வந்த கடல் இருக்கே, அரை மணி நேரம் பார்த்துட்டே இருந்தேன். கடல் ஆயிரம் வருஷமா உடை மாத்தலை, அதனால தப்பு வர வழியில்லை போல.

இப்போதைய கருவிகள் முன்னைக்கு எவ்வளவோ தேவலை, தமிழும் புரிகிறது. 2025 மார்ச்சில் ஊரே கிப்லி படமாகத் திரிந்ததே, அதேபோல 'மணியம் பாணியில்' என்றும் ஒருத்தர் கேட்கலாம். எனக்கு உறுத்துவது அங்கேதான். பின்னாளில் பொன்னியின் செல்வன் மறுபடி தொடராக வந்தபோது வினு, பத்மவாசன் எல்லாம் வரைந்தார்கள். அவரவர் கோட்டில், அவரவர் பார்த்ததை. மெஷின் மணியத்தின் கோட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். அவர் ஏறிப் பார்த்த மலை அதற்குக் கிடையாது.

என் தொடருக்கு வர்றேன். திரிசூலநாதர் கோவில் முதலாம் குலோத்துங்கன் காலத்தது. ஏர்போர்ட்டுக்கு எதிரே ஸ்டேஷனில் இறங்கி மலைப்பக்கம் நடந்தால் வந்துவிடும். விமானம் தூங்கானை மாடம், யானை படுத்திருக்கும்போது பின்னாலிருந்து பார்க்கிற மாதிரி வளைந்த முதுகு. முப்பது தடவை கேட்டும் மெஷின் அந்த வளைவைப் போடவில்லை, சதுரமாகவே கட்டிக்கொண்டிருந்தது. போன ஞாயிறு எங்க டீம்ல பென்சில் பிடிக்கத் தெரிஞ்ச பையன் ஒருத்தனை தாம்பரத்துல ரயிலேத்திக் கூட்டிட்டுப் போனேன். பிரகாரத்துல உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் வரைஞ்சான். மேல பிளேன் போறப்பல்லாம் நிமிர்ந்து பார்த்தான், அதையும் ஓரமா வரைஞ்சு வச்சிருக்கான். பதினோராம் நூற்றாண்டுக் கதைக்கு அதை அழிக்கச் சொல்றதா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணலை. நீங்களே பார்த்துச் சொல்லுங்க, அடுத்த அத்தியாயத்தோட போடறேன்.