ஒரே மார்ச் மாதம், அத்தனை பாடங்கள்



நேற்று சாயங்காலம் பேத்தி ஓர் அட்டவணையைக் கொண்டுவந்து காட்டினாள். பொதுத்தேர்வுக்கு இன்னும் முப்பது நாள். ஐந்து பாடத்துக்கும் ஐந்து நிறத்தில் கட்டம் போட்டிருந்தாள். சமூக அறிவியலுக்குக் கடைசி மூன்றே நாள். "அது கடைசிப் பரீட்சைதானே தாத்தா, நடுவுல லீவு வருது" என்றாள். ஆயுசு முழுக்க வரலாறு நடத்தியவனிடம் சொல்கிற பேச்சா இது! சிரித்துவிட்டேன். ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள் மக்களே.

எல்லாப் பாடத்தையும் ஒரே சமயத்தில் எழுதி, எல்லாவற்றிலும் தேற வேண்டும் என்ற ஏற்பாடு நம்முடைய பழைய வழக்கமல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒரு சுவடி மனப்பாடமானால்தான் அடுத்த சுவடி. பழைய பாடத்தைச் சட்டாம்பிள்ளை முன்னால் நின்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். திருப்புதல் என்று தனியாக ஒரு மாதம் கிடையாது, தினமும் அதுதான். அந்தப் பள்ளியில் அடியும் சாதி வித்தியாசமும் உண்டு, அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். 1857-ல் லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. மெட்ரிகுலேஷன், எஃப்.ஏ., பி.ஏ. என்று படிப்படியாகத் தேர்வுகள். ஒரு பாடத்தில் சறுக்கினாலும் அடுத்த படியில் கால்வைக்க முடியாது.

அப்படிச் சறுக்கியவர்களில் உலகமே அறிந்தவர் ஒருவர் உண்டு. கணிதமேதை இராமானுஜன். 1904-ல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் ஒட்டவில்லை. ஆங்கிலத்தில் தவறியதால் உதவித்தொகை போயிற்று. பிறகு 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரி. எஃப்.ஏ. தேர்வுக்கு ஆங்கிலம், கணிதம், சமஸ்கிருதம், கிரேக்க ரோமானிய வரலாறு, உடலியல் எல்லாம் உண்டு. உடலியல் அவரை விழுங்கிவிட்டது. தனித்தேர்வராக 1907-ல் மறுபடி எழுதினார், மறுபடியும் தோல்வி. பட்டம் இல்லாமல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், 1913-ல் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஹார்டி பதில் போட்டதால் நமக்கு இராமானுஜன் கிடைத்தார். ஹார்டி இல்லாத பிள்ளைகளின் கதையை யாரும் எழுதி வைக்கவில்லை.

1911-ல் சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. அப்போது நம் ஊர் திருவிதாங்கூர் ராஜ்ஜியம். 1956 நவம்பர் 1-க்குப் பிறகுதான் நம் பிள்ளைகளின் பரீட்சை திருவனந்தபுரத்தை விட்டுச் சென்னையைப் பார்த்தது. 1978-ல் பி.யூ.சி. போய் பிளஸ் டூ வந்தது. பதினோராம் வகுப்பில் இருந்த எஸ்.எஸ்.எல்.சி. பத்தாம் வகுப்புக்கு இறங்கியது. இடையில் எல்லார் வீட்டுக்கும் கோனார் நோட்ஸ் வந்துசேர்ந்தது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரித் தமிழாசிரியர் ஐயம்பெருமாள் கோனார் எழுதியது, பழனியப்பா பிரதர்ஸ் வெளியீடு. நோட்ஸ் படிக்காதே என்று வகுப்பில் சத்தம் போடுவேன். என் மேஜைக்குள்ளும் ஒன்று கிடந்தது.

இனி நம்ம ஊருக்கு வருவோம். கடியப்பட்டணத்தில் எண்பதுகளில் பரீட்சைக் காலம் எப்படி இருந்தது என்று உங்களில் பலருக்கு ஞாபகமிருக்கும். வீடு சின்னது, ஆள் அதிகம். விடிகாலை கடலுக்குப் போகிற அப்பா ஏழு மணிக்கே படுத்துவிடுவார், விளக்கை அணைத்தாக வேண்டும். குருசடி வெளிச்சத்திலும் கோவில் படிக்கட்டிலும் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிப்பீர்கள். ஒருவன் கேள்வி கேட்க, மற்றவன் பதில் சொல்ல, முட்டம் கலங்கரை விளக்கின் ஒளி சுற்றிச் சுற்றிப் போகும். ஒரு பிள்ளைக்குப் படிக்கக் கிடைத்தது ராத்திரியில் இரண்டு மணி நேரம், கூடினால் இரண்டரை.

அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் நாங்கள் ஆசிரியர்கள் ஆளுக்கு ஒரு பக்கமாக இழுத்தோம். கணக்கு சார் பத்துக் கணக்கு கொடுப்பார். அறிவியல் டீச்சர் படம் வரையச் சொல்வார். எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று யாரும் கூட்டிப் பார்த்ததில்லை. நானும்தான்.

1987-ல் ஒரு பையன். பெயர் வேண்டாம். சொன்னதை ஒரே தடவையில் பிடித்துக்கொள்வான், வரலாறு என்றால் உயிர். அவன் பள்ளி முதலாவதாக வருவான் என்று எனக்கு ஆசை. அவனுக்கு அல்ல மக்களே, எனக்கு. பிப்ரவரி முழுக்கத் தினமும் சாயங்காலம் அவனை என் வீட்டுத் திண்ணைக்கு வரச்சொன்னேன். முதல் உலகப்போர், வில்சனின் பதினான்கு அம்சங்கள், எல்லாம் விரல்விட்டுச் சொல்வான். ஆங்கிலம் எப்படி என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை. சமூகப் பாடத்தில் தொண்ணூற்றுக்கு மேல். ஆங்கிலத்தில் ஐந்தாறு மதிப்பெண் குறைந்து தோல்வி. அக்டோபரில் அந்த ஒரு பாடத்தை எழுதலாம் என்று வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவன் அம்மா, "வள்ளத்துக்கு ஆளு இல்ல சாரே" என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885-லேயே எழுதிவைத்ததைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். ஒரே நாளில் பலமுறை படிப்பதைவிட, அதையே பல நாட்களாகப் பிரித்துப் படித்தால் கூடுதலாக நிற்குமாம். அந்தப் பையனுக்குத் தினமும் அரைமணி நேரம் ஆங்கிலம் கிடைத்திருந்தால் போதும். அந்த அரைமணி நேரம் என் திண்ணையில் போயிற்று.

இரண்டு வருடத்துக்கு முன் கடற்கரையில் அவனைப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. வலையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான். "சாரே, வில்சன் பதினாலும் இப்பவும் சொல்லுவேன், கேக்கீங்களா?" என்று சிரித்தான். பக்கத்தில் நின்ற மகளைக் காட்டி, இந்த வருசம் பத்தாம் வகுப்பு என்றான். நான் அவளிடம் வரலாறு பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எந்தப் பாடம் கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கணக்கு" என்றாள். எனக்குத் தெரிந்த கணக்கு சாரின் போன் நம்பரை அங்கேயே அவள் அப்பாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

பேத்தியின் அட்டவணையில் வரலாற்றுக்கு மூன்று நாள்தான். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அறிவியலுக்குத்தான் கட்டம் குறைவாக இருக்கிறது, காலையில் அதைப்பற்றிக் கேட்க வேண்டும்.