பையும் பணமும் இன்றிப் புறப்பட்டோர்

பாதிரிமார் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு ஒருவர் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வட்டுக்கோட்டையில் 1823ஆம் ஆண்டு செமினரி கண்டவர்களும், 1847இல் வந்து மானிப்பாயிலே வைத்தியமும் வைத்தியக் கல்வியும் நடத்திய டாக்டர் கிறீனும் நம் முன்னோர் நன்கறிந்த மனிதர். அவர்களுக்கு அமெரிக்காவிலிருந்த சங்கம் ஒன்று படியளந்தது. குடியிருக்க வீடும், அச்சுக்கூடமும், பள்ளிக்கூடமும் அவர்களுக்கு இருந்தன. அதே காலத்தில், அதே அமெரிக்காவிலிருந்து, சம்பளமும் இன்றி, அனுப்பிப் பராமரிக்கும் சங்கமும் இன்றி, நம் கடற்கரைகளிலே வந்திறங்கிய வேறொரு கூட்டத்தாரைப்பற்றி நம்மிற் பலர் கேள்விப்பட்டிருத்தல் அரிது. அவர்களே மோர்மன் சபையின் ஊழியர். அச்சபையின் கொள்கைகளை நிறுத்துப் பார்ப்பது இவ்வுரையின் நோக்கமன்று. அவ்வூழியர் எங்கே உறங்கினர், யார் வீட்டில் உண்டனர், எதை நம்பி அடுத்த நாளை எதிர்நோக்கினர் என்பவற்றையே நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர்களைப் பொறுத்தவரை, உண்ட இடமும் உறங்கிய இடமுமே விசுவாசத்தின் உரைகல்லாய் இருந்தன.

யோசேப் ஸ்மித் என்னும் இளைஞர் 1830ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நியூயோர்க் மாகாணத்திலே இச்சபையைத் தொடங்கினார். தாம் தெய்வ அருளால் மொழிபெயர்த்ததாக அவர் வெளியிட்ட மோர்மன் புத்தகம் என்னும் நூலின் பெயரே பிறர் வாயில் சபையாருக்கும் பெயராயிற்று. அயலாரின் பகை அவர்களை ஊர் ஊராகத் துரத்தியது. 1844இல் ஸ்மித்தைச் சிறைக்குள்ளேயே ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. 1847இல் பிறிகம் யங் என்பவர் எஞ்சியோரை மேற்கே நடத்திச் சென்று, யூட்டாப் பாலைநிலத்தில் உப்பேரிக்கு அருகே நகரம் ஒன்று அமைத்தார். இவ்வளவும் பின்னணி.

இயேசு தம் சீடரை ஊர்களுக்கு அனுப்பியபோது பணப்பையும் சாமான்பையும் எடுத்துச் செல்லவேண்டாம் என்று பணித்ததாக வேதாகமத்தில் உண்டு. ஏனைய சபையார் இதனை அக்காலத்துக்கு மாத்திரம் உரிய கட்டளையாகக் கொண்டனர். மோர்மன் ஊழியரோ அதனைச் சொல்லுக்குச் சொல் மேற்கொண்டனர். இருவர் இருவராகப் புறப்படுதல், வழியிலே பிரசங்கித்தல், இருட்டும் வேளையில் ஒரு கதவைத் தட்டி இரவு தங்க இடம் கேட்டல், இடம் கிடைத்தால் அவ்வீட்டாரோடு செபித்தல், கிடையாவிட்டால் வைக்கோற் போருக்கு அருகே படுத்தல் என்பதே அவர்களுடைய அன்றாட வாழ்வு. சோறு கிடைத்தால் அது கடவுள் தந்தது. கிடைக்காவிட்டால் அது சோதனை. இரண்டுமே நம்பிக்கையை வளர்த்தன என்பதை நாம் கவனிக்க வேண்டும். நம் நாட்டுப் பரதேசிகளையும் பண்டாரங்களையும் அறிந்தவர்களுக்கு இவ்வாழ்வு புதுமையாகத் தோன்றாது. ஆனால் பரதேசி குடும்பத்தைத் துறந்தவன். இவர்களோ மனைவி மக்களையும் பயிர் நிலத்தையும் விட்டுப் போந்து, இரண்டு மூன்று ஆண்டுகளின் பின் மீண்டும் அவற்றையே நாடிச் செல்பவர்கள்.

இம்முறை இங்கிலாந்திலே வியக்கத்தக்க பலன் தந்தது. 1837ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஹீபர் கிம்பல் என்பவரும் தோழரும் பஞ்சாலை நகரமாகிய பிறெஸ்டனுக்கு வந்தனர். அம்மாதம் 30ஆந் தேதி றிபிள் ஆற்றிலே ஒன்பது பேருக்கு ஞானஸ்நானம் நடந்தது. பதினைந்து ஆண்டுகள் கழியுமுன் பிரித்தானியாவிலே அச்சபையார் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டனர். அக்காலை யூட்டாவில் இருந்தோரினும் அங்கே இருந்தோர் அதிகம். காரணம் மறைவானதன்று. வந்தவன் ஏழை, கதவு திறந்தவனும் ஏழை. வந்தவன் குயவன் அல்லது தச்சன், திறந்தவன் நெசவாளி. இருவருக்கும் ஒரே பாஷை, ஒரே வேதப் புத்தகம். ஒரு கோப்பைக் கஞ்சியைப் பகிர்ந்துண்ட இடத்தில் உபதேசமும் உள்ளே சென்றது.

பிறெஸ்டனிற் பலித்தது கல்கத்தாவிலும் பலிக்கும் என்று அவர்கள் எண்ணினர். 1852ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 28ஆந் தேதி உப்பேரி நகரத்திலே மகாநாடு ஒன்று கூடியது. ஏறக்குறைய நூறு ஆண்களின் பெயர்களும் அவர்கள் போகவேண்டிய நாடுகளும் மேடையிலிருந்து அறிவிக்கப்பட்டன. சம்மதமா என்று எவரும் முற்கூட்டிக் கேட்பது அன்றைய வழக்கமன்று. வயலில் நின்றவன் தன் பெயரைக் கேட்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்ல வேண்டியதுதான். ஒன்பது பேர் இந்துஸ்தானத்துக்கும் நால்வர் சீயத்துக்கும் குறிக்கப்பட்டனர். மறுநாள் அதே மகாநாட்டிலேயே, ஒருவன் பல மனைவியரை மணக்கலாம் என்னும் கொள்கை முதன்முறையாகப் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. (சபை அவ்வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தது 1890இல்.) புறப்பட்ட ஊழியர் எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் அவர்களுக்கு முன்னே அச்செய்தி இறங்கியிருந்தது. இதனைவிடப் பெரும் பாரத்தை அவர்கள் தலையில் எவரும் ஏற்றியிருக்க முடியாது.

அந்தப் பதின்மூவரும் வண்டிகளிலே பாலைவனம் கடந்து கலிபோர்னியாவை அடைந்தனர். கடற்பயணத்துக்கு மாத்திரம் பணம் இன்றி முடியவில்லை. அங்கே விவசாயத்தாற் செல்வரான ஜோன் ஹோணர் என்னும் சபையாரும் வேறு சிலரும் கொடுத்த பணத்தில், 1853ஆம் ஆண்டு சனவரி மாத இறுதியில் ‘மொன்சூன்’ என்னும் கப்பலேறி, ஏப்ரல் மாதக் கடைசியிற் கல்கத்தாவில் இறங்கினர்.

அவர்களுக்கு முன்னரே, 1851இல், யோசேப் றிச்சட்ஸ், வில்லியம் வில்லிஸ் என்னும் இருவர் இங்கிலாந்திலிருந்து வந்து அங்கே ஒரு சிறு சபை நிறுவியிருந்தனர். வங்காளக் குடியானவர் நூற்றுக்கு மேற்பட்டோர் சேர்ந்தனர் என்ற நற்செய்தியும் யூட்டாவுக்கு எட்டியிருந்தது. பதின்மூவர் வந்து பார்த்தபோது அக்குடியானவரைக் காணோம். சபையிற் சேர்ந்தால் வேலையோ பணமோ கிடைக்கும் என்று வந்தவர்கள், அது கிடையாது என்று கண்டதும் போய்விட்டனர். இதனைக் கேட்டு அக்குடியானவரை இகழ்வது எளிது. நான் அவ்வாறு இகழமாட்டேன். மிஷன் சேவகமும் மிஷன் சம்பளமும் நாடெங்கும் நிலவிய காலத்தில், கடல் கடந்து வந்த வெள்ளைக்காரன் ஒருவன் தானே சோற்றுக்குப் பிறர் கையை எதிர்பார்க்கிறான் என்பதை அவர்களால் எவ்வாறு நம்ப முடியும்?

கல்கத்தாவிலிருந்து அவர்கள் திசைதோறும் பிரிந்தனர். சிலர் மாட்டுவண்டியில் ஆக்கிரா, டில்லிப் பக்கம் போயினர். சிலர் சிந்து நாட்டுக்கும் பம்பாய்க்கும் போயினர். சீயத்துக்குக் குறிக்கப்பட்ட நால்வரில் எலாம் லடிங்டன் ஒருவரே 1854இற் பாங்கொக்கை அடைந்தார். சில மாதங்களுக்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. சோன்சி வெஸ்ட், பெஞ்சமின் டூயி என்னும் இருவர் நமது இலங்கைக்கு வந்தனர். இங்கே அவர்களை ஏற்பார் இல்லை, பம்பாய்க்குப் போய்விட்டனர். இலங்கை அன்று கோப்பித் தோட்டங்களின் நாடு. கோப்பியையும் தேநீரையும் விலக்கும்படி கூறும் போதனை ஒன்று 1833 தொடக்கம் மோர்மன் சபையில் உண்டு என்பதை நினைக்கும்போது சற்றே நகை தோன்றுகிறது. ஆயினும் அவர்கள் திரும்பிப் போனமைக்குக் கோப்பி காரணமன்று.

சென்னப்பட்டணத்துக்கு வந்தவர் றிச்சட் பலன்டைனும் றொபேட் ஸ்கெல்டனும். பலன்டைன் ஸ்கொத்லாந்தில் 1817இற் பிறந்தவர். 1849ஆம் ஆண்டு உப்பேரி நகரிலே தம் சொந்த வீட்டிற் பிள்ளைகளைக் கூட்டிச் சபையின் முதலாவது ஞாயிறு பாடசாலையை நடத்தியவர். ஆதலால் ஆசிரியத் தொழிலில் இருக்கும் என்போன்றோருக்கு அவர்மீது ஒரு பற்று உண்டாதல் இயல்பே. இருவரும் துண்டுப் பிரசுரங்கள் அச்சிட்டனர். 1854இல் மாதப் பத்திரிகை ஒன்றையும் நடத்தினர். வெயிலிலே வீடு வீடாக நடந்து அவற்றைக் கொடுத்தனர். படைவீரர், எழுதுவினைஞர், கப்பற்காரர் ஆகியோருள் எவரேனும் அழைத்தால் உணவு. எவரேனும் நோயுற்றால் தலையில் எண்ணெய் பூசிக் கைவைத்துச் செபித்தனர். தமக்கே காய்ச்சல் வந்தபோதும் அதுவே முதல் மருந்து. உலக முடிவு அண்மையில் உள்ளது, விசுவாசிகள் யூட்டாவிலே ஒன்றுசேர வேண்டும் என்பது அவர்களின் உறுதியான நம்பிக்கை. ஊரார் முற்றாய்ப் புறக்கணித்தால், வேதத்திற் கண்டபடி காலின் தூசியை உதறிவிட்டு அகலும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது.

இவ்வளவு உழைப்பும் ஏன் வீணாயிற்று? பட்டாளத் தலைவர்கள் தம் பாளையங்களிலே பிரசங்கிக்க விடவில்லை. பூனாவிலே ஹியூ பின்ட்லே என்பவருக்கு இத்தடை நேர்ந்தது. பலதார மணச் செய்தியைப் பத்திரிகைகள் பறைசாற்றின. வெள்ளைக்காரன் ஒருவன் நடந்து திரிவதே மதிப்புக் குறைவாக எண்ணப்பட்ட சமுதாயத்தில், கும்பினி உத்தியோகத்தர் இவர்களை வீட்டுக்குள் விடக் கூசினர். இவையெல்லாம் உண்மையே. ஆனால் அடிப்படைக் காரணம் வேறு என்பது என் கருத்து. அவர்களிற் சிலர் சுதேச பாஷைகளைப் படிக்க முயன்றனர். எனினும் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோரையே நாடினர். சென்னப்பட்டணத்து வீதிகளிலே கேட்கும் பாஷை தமிழ். அவர்கள் நடத்திய பத்திரிகையோ ஆங்கிலம். அதே நகரிலே அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மைரன் வின்சிலோ, 1862இல் வெளிவந்த தமது பெரிய தமிழ் அகராதிக்காகச் சொல் சொல்லாய்த் திரட்டிக்கொண்டிருந்தார். அந்த வேலைக்கு ஆண்டுக்கணக்கிற் சம்பளமும் கூரையும் வேண்டும். பையின்றி வந்தவனுக்கு அந்த அவகாசம் இல்லை.

அப்படியாயின் பையின்மையே குற்றமோ எனின், அன்று. 1850ஆம் ஆண்டு இறுதியில் ஹவாய்த் தீவுகளுக்கு இதே சபையார் பதின்மர் சென்றனர். அங்கேயும் வெள்ளையர் செவிசாய்க்கவில்லை. பாதிப்பேர் மனந்தளர்ந்து திரும்பிவிட்டனர். எஞ்சியவர்களுள் ஜோர்ஜ் கனன் என்னும் இளைஞர் தீவு மக்களின் பாஷையைக் கற்று, அவர்களின் குடிசைகளிலே தங்கி, நபேலா என்னும் சுதேச நீதிபதியின் துணையோடு மோர்மன் புத்தகத்தை அப்பாஷையிலே பெயர்த்தார். அது 1855இல் அச்சாயிற்று. 1854இல் அங்கே அனுப்பப்பட்ட யோசேப் எவ். ஸ்மித்துக்கு வயது பதினைந்து. தாய் தந்தையற்ற பிள்ளை. நோயுற்றுக் கிடந்த அவனைத் தாய்போற் பேணியவள் ஒரு ஹவாய்ப் பெண்மணி. அவனே பிற்காலத்தில் சபையின் தலைவனாகி 1918இற் காலமானான். பிறெஸ்டனிலே நெசவாளி கொடுத்த இடத்தை ஹவாயிலே குடிசைக்காரி கொடுத்தாள். விருந்தாளியாய் இருக்கத் தெரிந்தவனுக்கே அந்த விதி பயன்பட்டது. இந்தியாவில் அவர்கள் எவருடைய விருந்தாளியாகவும் இருக்க முடியவில்லை. அதிகாரம் செலுத்துவோர்க்கு இவர்கள் மிகத் தாழ்ந்தவர். ஆளப்படுவோர்க்கு இவர்கள் ஆள்வோரின் நிறத்தவர்.

பலன்டைன் 1854இல் இலண்டனுக்குக் கப்பலேறினார். ஸ்கெல்டன் எல்லாருக்கும் கடைசியாய் 1856இற் கல்கத்தாவை விட்டார். ஐந்தாண்டுகளில் ஞானஸ்நானம் பெற்றோர் அறுபது பேர் அளவில், பெரும்பாலோர் ஐரோப்பியர். யூட்டாவுக்குப் போய்ச் சேர்ந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். கல்கத்தாவிலும் இறங்கூனிலும் பணிபுரிந்த மத்தேயு மக்கியூன் என்னும் பீரங்கிப்படை வீரரின் குடும்பம் அவர்களுள் ஒன்று. அவருடைய மகன், கல்கத்தாவில் 1849இற் பிறந்த அல்பிரட், யூட்டாவிலே சுரங்கமும் இருப்புப்பாதையும் நடத்திப் பெருஞ் செல்வரானார்.

இன்று அச்சபையின் இளைஞர் பதினெட்டு வயதிலேயே ஊழியத்துக்குப் போகலாம். ஆண்களுக்கு இரண்டு ஆண்டுகள். உலகெங்கும் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு உளர். செலவு அவர்களுடையதும் குடும்பத்தாருடையதும். காலையில் ஆறரை மணிக்கு எழும்புதலும், படிப்பும், இருவராய்ச் செல்லுதலும் விதி. இரவுக்கு இடந்தேடிக் கதவு தட்டும் வழக்கம் போய்விட்டது. வாடகை வீடு உண்டு. 2019 தொடக்கம் வாரந்தோறும் வீட்டாரோடு பேசவும் இடமுண்டு.

லீவை சாவேஜ் என்பவருக்கு அவ்வாய்ப்பு இருக்கவில்லை. சீயத்துக்குக் குறிக்கப்பட்ட நால்வரில் அவரும் ஒருவர். மனைவி இறந்து ஓராண்டு ஆகுமுன், இரண்டு வயது நிரம்பாத மகனைத் தம் சகோதரியிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவர். பர்மாவிலே இரண்டு ஆண்டுக்காலம் அலைந்து, அந்நாட்டுப் பாஷையையும் படிக்க முயன்று, சொல்லத்தக்க பலன் எதுவுமின்றித் திரும்பினார். 1856இல் அமெரிக்காவில் இறங்கி வீட்டை நோக்கிப் போகையில், ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழை விசுவாசிகள் கைவண்டிகளை இழுத்துக்கொண்டு யூட்டாவுக்கு நடக்க ஆயத்தமாய் நிற்பதைக் கண்டார். பருவம் பிந்திவிட்டது, மலையிலே பனி பிடித்துக்கொள்ளும், கிழவரும் குழந்தைகளும் மாள்வர் என்று கூட்டத்திலே எழுந்து கண்ணீரோடு தடுத்தார். அவர் சொல்லை ஏற்கவில்லை. போவதென்றே நீங்கள் முடிவு செய்தால் நானும் உங்களோடு வந்து உங்கள் துன்பத்திற் பங்குகொள்வேன் என்று கூறி அவரும் நடந்தார். அவர் அஞ்சியவாறே பனி பிடித்தது. ஐந்நூறு பேர் அளவிலான அக்கூட்டத்தில் அறுபதுக்கு மேற்பட்டோர் வழியிலே மாண்டனர். 1856ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 9ஆந் தேதி எஞ்சியவர்களோடு அவர் உப்பேரி நகரை அடைந்தபோது, சகோதரியின் வீட்டிலிருந்த மகனுக்கு ஆறு வயது நிரம்ப இன்னும் இரண்டு மாதங்கள் இருந்தன.